வளவுக்குள் ஓர் இசை வினாடி வினா: டிவியில் வளர்ந்த கதையும் வீட்டில் நடத்தும் முறையும்

கேள்வி இது: பொங்கலுக்கு ஊருக்கு வரும் பங்காளிகள் குடும்பங்களையெல்லாம் சேர்த்து, காரைக்குடிப் பக்கம் ஒரு வளவு வீட்டில் (நடுவில் முற்றமும் சுற்றிலும் பத்திகளும் வைத்த செட்டிநாட்டு வீடு) சினிமாப் பாட்டு வினாடி வினா நடத்த எண்ணம். டிவியில் வருவதுபோல மணி, விளக்கு எல்லாம் வேண்டும். இந்த வகை நிகழ்ச்சி எங்கிருந்து வந்தது, அதில் எதை எடுத்துக்கொள்ளலாம், எங்கே சறுக்கும்?

இசை வினாடி வினா நடத்துபவர் கையில் இருப்பது ஒரே ஒரு பிடிமானம். பாட்டில் எவ்வளவைக் காதில் விடுவது என்பதுதான் அது. கொஞ்சம் கூடினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், கொஞ்சம் குறைந்தால் யாருக்கும் தெரியாது. டிவியில் நிலைத்த நிகழ்ச்சிகள் எல்லாம் இந்த அளவைப் பிடிக்க ஏதோ ஒரு வழி கண்டவை. அடுத்த சிக்கல், யார் முதலில் கண்டுபிடித்தார் என்று சண்டையில்லாமல் சொல்வது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு வரலாற்றைப் பார்த்தால், உங்களுக்கு வேண்டிய விதிகள் அதிலேயே கிடைத்துவிடும்.

தொடக்கம் அமெரிக்க வானொலி. 1938இல் கே கைசர் என்ற வாத்தியக்குழுத் தலைவர், தன் குழு வாசிக்க வாசிக்கக் கேள்வி கேட்கும் நிகழ்ச்சியை என்.பி.சி. வானொலியில் நடத்தினார். 1948இல் ஏ.பி.சி. வானொலியில் 'ஸ்டாப் தி மியூசிக்' வந்தது. வாத்தியக்குழு வாசித்துக்கொண்டிருக்கும்போதே யாரோ ஒரு நேயர் வீட்டுக்குத் தொலைபேசி போகும். அவர் எடுத்ததும் இசையை நிறுத்தி, இப்போது வாசித்த பாட்டு எது என்று கேட்பார்கள். அடுத்த ஆண்டே அது டிவிக்கும் போனது. இப்படி வீட்டில் இருப்பவருக்குப் பரிசு கொடுப்பது லாட்டரி ஆகாதா என்று அந்நாட்டு ஒளிபரப்பு ஆணையம் தடைபோடப் பார்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், நேயர் காசு எதுவும் கட்டாததால் லாட்டரி ஆகாது என்று 1954இல் தீர்ப்பு வந்தது.

அதே நிகழ்ச்சியின் இசைக்குழுத் தலைவர் ஹாரி சால்டர்தான் 'நேம் தட் ட்யூன்' நிகழ்ச்சியையும் உருவாக்கினார். 1952இல் வானொலியில், 1953இல் என்.பி.சி. டிவியில், அடுத்த ஆண்டு முதல் சி.பி.எஸ். டிவியில். இன்றைக்கு நாம் இசை வினாடி வினா என்று நினைப்பதன் முழு உருவம் அதில்தான் முதலில் தெரிந்தது. போட்டியாளர் இருவர் மேடையில் நிற்பார்கள். வாத்தியக்குழு வாசிக்கும். பாட்டு பிடிபட்டவர் ஓடிப்போய்த் தொங்கும் மணியை அடிக்க வேண்டும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் காதுக்கு வைத்த போட்டி காலுக்கு மாறிவிடும். வீட்டு நிகழ்ச்சியில் இந்த ஓட்டத்தை வைக்கவே கூடாது. மெழுகுபோல வழுக்கும் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில், பட்டுச் சேலை கட்டிய ஆச்சியையும் வேட்டி கட்டியவரையும் ஓடவிடுவது விபத்தை விலைக்கு வாங்குவது. 1957இல் இந்த நிகழ்ச்சிக்கு வந்து, எடி ஹாட்ஜஸ் என்ற சிறுவனோடு சேர்ந்து விளையாடியவர் ஜான் கிளென். ஐந்தாண்டு கழித்து விண்வெளியில் பூமியைச் சுற்றிவந்த முதல் அமெரிக்கர் அவர்தான்.

1958இல், அமெரிக்காவில் பெரும்பரிசு வினாடி வினாக்கள் சிலவற்றில் விடைகளை முன்னாலேயே சொல்லிக்கொடுத்தது வெளியே வந்தது. 1959 அக்டோபரில் சி.பி.எஸ். தன் பெரும்பரிசு நிகழ்ச்சிகளைக் கைவிட்டபோது 'நேம் தட் ட்யூன்' நிகழ்ச்சியும் நின்றது. வளவு வீட்டில் இதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். போட்டியாளர் எல்லோரும் பங்காளிகள், கேள்வி தயாரிப்பவரும் பங்காளி. யாருடைய பிள்ளைக்கு முன்னாலேயே தெரியும் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினால் அடுத்த ஆண்டு யாரும் உட்கார மாட்டார்கள். அதனால் பாட்டுகளை வெட்டுபவர் எந்த அணியிலும் இருக்கக் கூடாது. எந்தக் கேள்வி எந்த அணிக்கு என்பதை அவர் முடிவுசெய்யவும் கூடாது. கேள்வி எண்களைச் சீட்டாக எழுதி ஒரு குடுவையில் போட்டு, சபையில் ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லுங்கள். வேண்டிய எண்ணிக்கையைவிடக் கால் பங்கு கூடுதலாகக் கேள்வி இருந்தால்தான் இந்தக் குலுக்கலுக்குப் பொருள் உண்டு.

1974இல் அந்த நிகழ்ச்சி திரும்பி வந்தபோது டாம் கென்னடி நடத்திய பதிப்பில் புகழ்பெற்றது சுர ஏலம். பாட்டைப் பற்றி ஒரு குறிப்பு வாசிப்பார்கள். ஒருவர் 'ஏழு சுரத்தில் சொல்வேன்' என்பார், மற்றவர் 'ஐந்து' என்பார், இவர் 'நான்கு' என்பார். ஒரு கட்டத்தில் எதிராளி 'சரி, சொல்லுங்கள்' என்று விட்டுவிடுவார். பியானோவில் அத்தனை சுரம் மட்டும் வாசிப்பார்கள். சொன்னால் புள்ளி சொன்னவருக்கு, தவறினால் எதிராளிக்கு. இத்தனை ஆண்டில் யாரும் இதைவிட நல்ல விதி கண்டுபிடிக்கவில்லை என்பது என் கருத்து. எவ்வளவு காதில் விடுவது என்ற அளவை நடத்துபவரிடமிருந்து வாங்கிப் போட்டியாளர் கையிலேயே கொடுத்துவிடுகிறது. தெரிந்தவன் துணிவான், தெரியாதவன் தள்ளிவிடுவான், சபைக்கு இரண்டும் சுவை.

தமிழ்ப் பாட்டுக்கு இதைக் கொண்டுவரும்போது ஒரு இடறல் உண்டு. நம் மெட்டில் சுரம் வழுக்கிக்கொண்டு வரும். கமகத்தோடு, அதாவது சுரத்தை அசைத்துப் பாடிய ஓர் எழுத்தைக் கீபோர்டில் எத்தனை சுரமாக எண்ணுவது? வாசிப்பவர் முந்தின நாளே ஒவ்வொரு பாட்டின் பல்லவிக்கும் முதல் எட்டு சுரத்தை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அசைவை விட்டு, நிற்கும் இடங்களை மட்டும் எண்ண வேண்டும். தாளத்தின் இடைவெளியோடு வாசிக்க வேண்டும், ஏனென்றால் அடையாளம் பாதி அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஒரே சுரத்தில் நான்கு எழுத்து நிற்கும் பாட்டுகளை ஏலத்துக்கு வைக்காதீர்கள், நான்கு சுரம் கேட்டவருக்கு ஒரு சுரம்தான் கிடைத்திருக்கும். ஆர்மோனியமோ கீபோர்டோ போதும். நாகஸ்வரம் வளவுக்குள் மிகுந்த சத்தம், அதை முகப்புத் திண்ணையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பிரிட்டனில் பி.பி.சி. 1967இல் தொடங்கிய 'ஃபேஸ் தி மியூசிக்' வேறு வழியில் போனது. நடத்தியவர் ஜோசப் கூப்பர் என்ற பியானோக் கலைஞர். சத்தமே வராத ஊமைப் பியானோவில் அவர் விரல் ஓட, பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். பிறகுதான் ஒலி மெல்ல மெல்ல நுழையும். இன்னொரு சுற்றில், எல்லோருக்கும் தெரிந்த மெட்டை வேறொரு இசைமேதையின் பாணியில் ஒளித்து வாசிப்பார். இரண்டையும் நம் ஊருக்குத் தாராளமாகக் கொண்டுவரலாம். வீணையோ கீபோர்டோ வாசிக்கும் விரல்களை மட்டும் கைப்பேசியில் ஒலியில்லாமல் எடுத்துத் திரையில் போடுங்கள், பத்து வினாடிக்குப் பிறகு ஒலியை ஏற்றுங்கள். வேகமான குத்துப்பாட்டைத் தாலாட்டு நடையில் வாசித்தால் பிள்ளைகள் திணறுவார்கள், பெரியவர்கள் பிடித்துவிடுவார்கள்.

நம் பக்கம் கதை வானொலியில்தான் தொடங்குகிறது, அதுவும் கடலுக்கு அந்தப் பக்கம். கொழும்பில் செட்டியார் தெருவும் ஆடிவேல் விழாவும் நகரத்தாருக்குச் சொந்த ஊர்ப் பெயர்கள்போல. இலங்கை வானொலி சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் தெளிவாகக் கேட்டதால், பி.எச். அப்துல் ஹமீத் நடத்திய, கொடுத்த எழுத்தில் அடுத்த பாட்டைத் தொடங்கும் 'பாட்டுக்குப் பாட்டு' இந்த ஊர்களுக்கு அன்றே பழக்கம். 1993 ஏப்ரல் 14இல் சன் டிவி தொடங்கியது. பின்னர் அதே பாட்டுக்குப் பாட்டை அப்துல் ஹமீதே அங்கே நடத்தினார். அதே 1993இல் ஜீ டிவியில் இந்தி 'அந்தாக்ஷரி' தொடங்கியது. அன்னு கபூர் நடத்த, தீவானே, பர்வானே, மஸ்தானே என்று மூன்று அணி. இரண்டுக்கும் அடித்தளம் ஒன்று: காதில் விழும் அளவை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிட்டார்கள். அந்தாதி பாடிய மொழிக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஆனால் தமிழில் எழுத்தை வைத்து விளையாடும்போது இலக்கணம் குறுக்கே நிற்கும். ண, ன, ள, ழ, ற ஆகியவற்றில் தமிழ்ச்சொல் தொடங்குவதே இல்லை. தொல்காப்பியக் கணக்கில் ஞகரம் ஆ, எ, ஒ மூன்று உயிரோடும், யகரம் ஆ ஒன்றோடும்தான் முதலில் வரும். அடியின் கடைசி எழுத்தைக் கொடுத்தால் பாதிக்குப் பாதி இப்படிப்பட்ட எழுத்திலோ மெய்யிலோதான் முடியும். ஆகவே கடைசிச் சொல்லின் முதல் எழுத்தைக் கொடுங்கள், சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். நிறுத்தும் அதிகாரம் நடத்துபவரிடம் இருக்கட்டும். பாடுபவரிடம் விட்டால், எதிரணியை மாட்டிவைக்க ஞகரத்தில் தொடங்கும் சொல்லாகப் பார்த்து நிறுத்துவார்.

இன்னும் மூன்று தீர்மானங்களை முதலிலேயே வாசித்துவிட வேண்டும். குறில் கொடுத்தால் நெடில் செல்லுமா? க என்றால் கா கூடாது என்று வைத்தால் போட்டி கடினமாகும், வீட்டு விழாவுக்குச் செல்லும் என்று வைப்பதே நல்லது. ராசா என்பதை இராசா என்று எழுதலாமே என்ற வாதத்துக்கு இடம் கொடுக்காதீர்கள், காதில் விழுவதுதான் எழுத்து. பாட்டின் தொடக்கம் எது? ஆலாபனை, ஹம்மிங், பல்லவிக்கு முன் தாளமில்லாமல் பாடும் தொகையறா எதுவும் கணக்கில் சேராது, பல்லவியின் முதல் சொல்தான் தொடக்கம் என்று சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால், தொகையறாவோடு தொடங்கும் பழைய பாட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

தொண்ணூறுகளின் நடுவிலிருந்து டிவியின் கவனம் கண்டுபிடிப்பதிலிருந்து பாடுவதற்கு நகர்ந்தது. 1995இல் ஜீ டிவியின் 'சரிகம', சன் டிவியில் ஏ.வி. ரமணன் நடத்திய 'சப்தஸ்வரங்கள்', 2006இல் விஜய் டிவியின் 'சூப்பர் சிங்கர்' எல்லாம் குரலுக்கான போட்டிகள். அவற்றிலிருந்து உங்களுக்கு எடுக்க அதிகம் இல்லை. 2017இல் அமெரிக்காவில் வந்த 'பீட் ஷசாம்' மட்டும் ஒரு புது நிலைமையைக் காட்டுகிறது: பாட்டை அடையாளம் சொல்லும் கைப்பேசிச் செயலியோடு மனிதன் போட்டி போடுவது. உங்கள் சபையிலும் அந்தச் செயலி ஐம்பது பேர் மடியில் இருக்கும். அது மெட்டைப் பிடிப்பதில்லை, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவின் தடத்தைப் பிடிக்கிறது. ஒலித்தட்டுப் பதிவை அப்படியே போட்டால் சில வினாடியில் சொல்லிவிடும், அதே பாட்டை ஆர்மோனியத்தில் வாசித்தால் பெரும்பாலும் விழிக்கும். முணுமுணுப்பைக் கேட்டே தேடும் வசதி 2020இல் கூகுளில் வந்துவிட்டதால் அதுவும் முழுக் காப்பு இல்லை. போட்டியாளர் கைப்பேசிகளை ஒரு தாம்பாளத்தில் வாங்கி வைத்துவிடுவதே வழி.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். வளவு பார்க்க அழகான அரங்கு, கேட்கக் கடினமான அரங்கு. கண்ணாடிபோல் மெருகேறிய சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல், சில வீடுகளில் சலவைக்கல், வரிசையாகத் தூண்கள். எல்லாமே ஒலியைத் திருப்பி அனுப்பும் பரப்புகள். முற்றம் வானம் பார்க்கத் திறந்திருப்பதால் கொஞ்சம் ஒலி வெளியேறும், கூரை போட்டு மூடிய வளவில் அதுவும் இல்லை. பத்திகளில் ஜமக்காளம் விரியுங்கள், ஸ்பீக்கர் எதிரே இருக்கும் சுவரில் கனத்த துணியோ ஜமக்காளமோ தொங்கவிடுங்கள். ஆட்கள் நிறைந்தால் எதிரொலி தானாகக் குறையும், ஆகவே காலி வீட்டில் சோதித்துவிட்டு அதே அளவில் வைக்காதீர்கள். மைக் செட்காரரிடம் குழாய் ஸ்பீக்கர் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். குழாயில் கீழ்ச்சுரங்கள் வராது. தபலாவின் இடக்கையோ பேஸ் கிடாரோ தொடங்கிவைக்கும் பாட்டு அதில் தொடக்கமே இல்லாத பாட்டாகிவிடும். பெரிய பெட்டி ஒன்றைவிடச் சின்னப் பெட்டி இரண்டு, உட்கார்ந்திருப்பவர் தலைக்குச் சற்று மேலே, அளவான சத்தத்தில் இருப்பது தெளிவு.

அணிகள் ஸ்பீக்கரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒலி மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லி வினாடி எடுத்துக்கொள்கிறது. ஐந்து மீட்டர் தள்ளி இருப்பவர் 15 மில்லி வினாடி தாமதமாகத்தான் கேட்கிறார். ஒலியைக் கேட்டுக் கை அழுத்தவே மனிதனுக்கு 150 முதல் 200 மில்லி வினாடி ஆகும் என்பதால் இது சின்னத் தொகைதான், ஆனால் நெருக்கமான போட்டியில் வெற்றி தோல்வியை மாற்றப் போதும். முற்றத்தின் ஒரு பக்கம் ஸ்பீக்கர்கள், எதிர்ப் பத்தியில் நான்கு அணியும் லேசான வில் வடிவில், நடத்துபவர் நடுவில். ப்ளூடூத் ஸ்பீக்கரைத் தவிருங்கள். நீங்கள் நிறுத்திய பிறகும் கால் வினாடி போலப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், அந்தக் கால் வினாடியில் பாடகரின் முதல் சொல் வந்துவிடும். மடிக்கணினியைச் சார்ஜரோடு மிக்ஸரில் மாட்டினால் 'உம்ம்' என்று ஓர் இரைச்சல் கேட்கும். அது மின்தரையின் சுற்று, சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டினால் போய்விடும்.

மணிக்கு இரண்டு வழி. பழைய வழி ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். 12 வோல்ட் ரிலே நான்கு, ஒவ்வொன்றிலும் இரண்டு ஜோடித் தொடர்புகள் இருக்க வேண்டும், ஒரு 1 ஆம்பியர் அடாப்டர். ஒருவர் அழுத்தியதும் அவருடைய ரிலே, தன் ஒரு ஜோடியால் தன்னையே பிடித்து வைத்துக்கொள்கிறது, மற்ற ஜோடியால் மீதி மூன்று பொத்தானுக்கும் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. நடத்துபவர் கையில் இருக்கும் ஒரு பொத்தான் எல்லாவற்றையும் விடுவிக்கும். ரிலே அசைய 10 மில்லி வினாடி போல ஆகும். அந்த இடைவெளிக்குள் இருவர் அழுத்தினால் இரு விளக்கும் எரியும். அப்போது வாதம் வேண்டாம், கேள்வியை ரத்துசெய்து புதுக் கேள்வி போடுவது என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். புது வழி ஆர்டுயினோ நானோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகை. நான்கு பொத்தான், நான்கு எல்.இ.டி., ஒரு சின்ன பஸ்ஸர். இதில் நடக்கும் பொதுவான பிழை, நீண்ட வயர் இரைச்சலைப் பிடித்து யாரும் அழுத்தாமலே விளக்கு எரிவது. பலகைக்குள் இருக்கும் இழுப்பு (புல்-அப்) மின்தடை நீண்ட வயருக்குப் பலவீனம். ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் வெளியே 4.7 கிலோ ஓம் மின்தடையும், 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியும் போட்டு, முறுக்கிய ஜோடி வயரை ஓட்டினால் நின்றுவிடும். நெட்வொர்க் கேபிளே போதும். கைப்பேசி பஸ்ஸர் செயலிகள் வேண்டாம். வைஃபையில் ஒவ்வொரு கைப்பேசிக்கும் தாமதம் வேறு, நேரத்துக்கு நேரமும் மாறும்.

பாட்டு வெட்டுவதில்தான் பாதி வெற்றி. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் போதும். தொடக்க மௌனத்தை நீக்கி, முனையில் 10 மில்லி வினாடி ஏற்றமும் இறக்கமும் கொடுத்தால் 'டப்' என்ற வெட்டுச் சத்தம் வராது. எல்லாத் துண்டுகளையும் ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவாருங்கள், மைனஸ் 16 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) சரியாக இருக்கும். இல்லாவிட்டால் 1950 பாட்டுக்கு ஒலியை ஏற்றிவிட்டு அடுத்து வரும் 2010 பாட்டுக்குச் சபையே காதைப் பொத்தும். மோனோவாக மாற்றுங்கள். ஸ்டீரியோவில் இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் கிடார் என்று பிரிந்திருக்கும் பாட்டில், இடப்பக்க அணிக்கு ஒரு துப்பும் வலப்பக்க அணிக்கு வேறொரு துப்பும் கிடைக்கும். கோப்புப் பெயர்கள் எண்ணாக மட்டும் இருக்கட்டும், உள்ளே பதிந்திருக்கும் பாட்டுப் பெயரையும் படத்தையும் அழித்துவிடுங்கள். திரையில் விடை தெரிந்துபோவது மிகப் பழைய விபத்து.

பழைய படங்களின் வி.சி.டி., டி.வி.டி.யிலிருந்து எடுத்த பாட்டுகளில் ஒரு மறைவான கோளாறு வரும். சினிமா வினாடிக்கு 24 படச்சட்டம், நம் டிவி முறை 25. அப்படியே ஓட்டி மாற்றிய பிரதிகளில் பாட்டு 4 சதவீதம் வேகமாகவும், அரைச்சுரத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகச் சுருதி ஏறியும் இருக்கும். கூர்ந்த காது உள்ளவர் இது வேறு பதிவோ என்று தயங்குவார், கூட வாசிக்கும் ஆர்மோனியமும் சேராது. 96 சதவீத வேகத்துக்குக் குறைத்தால் சரியாகிவிடும். இசைத்தட்டுப் பதிவும் படத்தில் வரும் பதிவும் பல பாட்டுகளில் முன்னிசையில் வேறுபடும் என்பதையும் மறக்க வேண்டாம். 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்றரை நிமிடம்தான் கொள்ளும், அதற்காகச் சுருக்கியவை நிறைய.

எந்தப் பாட்டுகள்? நான்கு அணி, அணிக்கு மூவர்: ஓர் ஆச்சி அல்லது ஐயா, நடுவயதில் ஒருவர், படிக்கும் வயதில் ஒருவர். பாட்டுகளை 1945 முதல் 1960, அங்கிருந்து 1975 வரை, 'அன்னக்கிளி' வந்த 1976 முதல் 1991, 'ரோஜா' வந்த 1992 முதல் 2005, அதற்குப் பிறகு என ஐந்து காலமாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றிலும் ஐந்தும் வரும்படி வையுங்கள். பத்துப் பேரிடம் முன்னோட்டம் பார்க்க முடிந்தால், ஐந்து வினாடியில் மூன்று பேரும் இருபது வினாடியில் எட்டுப் பேரும் சொல்லும் துண்டே நல்ல துண்டு. முன்னோட்டம் பார்த்தவர்கள் போட்டியில் உட்காரக் கூடாது.

உள்ளூர்ச் சுற்று ஒன்று கட்டாயம் வேண்டும், இந்த மண்ணுக்கு அதில் அள்ள அள்ளக் குறையாது. கண்ணதாசன் 1927இல் சிறுகூடல்பட்டியில் பிறந்தார், இயற்பெயர் முத்தையா, முதல் திரைப்பாட்டு 1949இல் 'கன்னியின் காதலி'க்கு. 'அன்னக்கிளி' மூலம் இளையராஜாவை அறிமுகப்படுத்திய பஞ்சு அருணாசலமும் அதே ஊர், கண்ணதாசனின் அண்ணன் மகன். ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடியில் தேவகோட்டை ரோட்டில் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தினார். பாரதி பாட்டுகளோடு 1947இல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்தது, டி.கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆட, இசை ஆர். சுதர்சனம். 1948இல்தான் ஸ்டுடியோ கோடம்பாக்கம் போனது. கர்நாடக இசைக்கு வந்தால், இன்றைய கச்சேரி வரிசையை அமைத்த அரியக்குடி ராமானுஜ ஐயங்காரும், காரைக்குடி வீணைச் சகோதரரில் இளையவரான சாம்பசிவ ஐயரும் 1952இல் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்றவர்கள். அடுத்தடுத்த இரண்டு ஊர்கள், ஒரே ஆண்டு. மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசிப்பவர், அந்தப் படத்தைத் திரையில் போட்டு யார் என்று கேட்டால் அருமையான கேள்வி. 1943இல் தமிழ் இசைச் சங்கத்துக்குத் துணைநின்ற ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் பிறந்தது கானாடுகாத்தான்.

விடைகளைச் சரிபார்ப்பதில் சோம்பல் கூடாது. யூடியூபில் போட்டிருக்கும் பாடலாசிரியர் பெயர் பாதி நேரம் தவறு. கண்ணதாசன் பாட்டு வாலி பெயரிலும் வாலி பாட்டு கண்ணதாசன் பெயரிலும் உலவுகின்றன. படத்தின் எழுத்தோட்டம் எல்லாக் கவிஞரையும் மொத்தமாகப் போட்டுவிடும், எந்தப் பாட்டு யாருடையது என்று சொல்லாது. இசைத்தட்டின் லேபிளும், தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகமும்தான் சாட்சி. அந்தப் புத்தகங்கள் இன்று கிடைக்கிறதென்றால், கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரைப் போன்றவர்கள் சேர்த்து வைத்ததால்தான். அவர் தொகுப்பு 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவரும் 1965இல் பிரிந்தார்கள். அதற்கு முன்னால் இருவர் பெயரிலும் வந்த படத்துக்கு இரண்டு பெயரும் சொன்னால்தான் முழுப் புள்ளி என்று வையுங்கள். ராகம் கேட்கும் கேள்வியைச் சினிமாப் பாட்டில் வைக்காதீர்கள். ராகத்தில் இல்லாத அன்னிய சுரம் கலந்த மெட்டுக்கு இரண்டு விடை இருக்கும், இரண்டு மாமாக்கள் இரண்டையும் பிடித்துக்கொள்வார்கள்.

புள்ளி எளிமையாக இருக்கட்டும். 5 வினாடித் துண்டில் சொன்னால் 10, பத்து வினாடியில் 6, இருபதில் 3. தவறினால் 3 கழியும், கேள்வி மற்றவர்களுக்குப் போகும். கழிவு இல்லாவிட்டால் முதல் ஒலியிலேயே எல்லோரும் அழுத்துவார்கள். அழுத்திய பிறகு விடைக்கு 5 வினாடி. சபையிலிருந்து யாராவது விடையைக் கத்தினால் அந்தக் கேள்வி ரத்து. காகிதத்தில் கேள்விக்கு அரை நிமிடம் போதும் என்று தோன்றும், நடப்பில் சிரிப்பும் பேச்சுமாக ஒரு நிமிடம் தாண்டும். 60 கேள்வி என்றால் ஒன்றரை மணி நேரம், பாட்டுக்குப் பாட்டுச் சுற்றோடு இரண்டு மணி. அதற்கு மேல் இழுத்தால் இடைப்பலகாரம் வந்ததும் சபை கலைந்துவிடும். சமநிலை வந்தால் சுர ஏலம் ஒன்று, அதோடு முடிவு.

கட்டணம் வாங்காமல் வீட்டார் சேர்ந்து நடத்தும் வரை உரிமைச் சிக்கல் எழாது. தொழில்முறை அல்லாத குழு, இலவசச் சபைக்கு முன் பாட்டு நிகழ்த்துவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவே விலக்குத் தருகிறது. மண்டபத்தில் டிக்கெட் வைத்து நடத்தினால் பாட்டு உரிமைக்குக் கட்டணம் வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ்., பி.பி.எல். அமைப்புகளின் உரிமம் வேண்டியிருக்கும். சிங்கப்பூர், மலேசியா உறவுகளுக்காக நேரலை போடும் எண்ணம் இருந்தால் கவனம். பதிவுப் பாட்டு ஓடியவுடன் யூடியூப் ஒலியை அடைக்கலாம், நேரலையையே நிறுத்தலாம். அதற்குத் தனி வீடியோ அழைப்பு நல்லது. ஆனால் ஒரு விதி: வெளிநாட்டிலிருந்து பார்ப்பவர்கள் போட்டியாளராக அழுத்தக் கூடாது. அழைப்பின் தாமதம் அரை வினாடிக்கும் மேல் போகும். அவர்களுக்கென்று தனியாக நான்கு கேள்வி ஒதுக்கி, அழுத்தும் வேகத்தைக் கணக்கில் எடுக்காமல், விடையை எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.